ஃப்ளீட், மார்ஷல்சீ: 1729 சிறை விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் ஃப்ளீட், மார்ஷல்சீ சிறைகளில் கடனாளிகள் பட்ட பாட்டை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை 1729இல் ஒரு குழு அமைத்து விசாரித்தது. கைதிகளின் புகாரைக் கேட்கச் சபை உறுப்பினர்களே சிறைக்குள் போனார்கள். அங்கே அவர்கள் கண்டது நாட்டையே உலுக்கியது. ஆனாலும் அதிகாரிகளில் ஒருவர்கூட கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெறவில்லை. இந்த இரண்டும் எப்படி ஒருசேர நடந்தன என்பதுதான் வாசகர்கள் பெரும்பாலும் கேட்பது.

இந்தச் சிறைகளில் இருந்தவர்கள் யார்?

பெரும்பாலும் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுக் கடனாளியைப் பிடித்து உள்ளே வைக்கலாம். இத்தனை மாதம், இத்தனை வருடம் என்று கணக்கு கிடையாது. கடன் தீரவேண்டும், அல்லது கடன் கொடுத்தவர் மனமிரங்க வேண்டும். அதுவரை உள்ளேதான். உள்ளே இருப்பவர் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காமல் கடன் தீராது. இந்த முடிச்சு அன்றைய சட்டத்தை எழுதியவர்களுக்கு உறுத்தவில்லை.

ஃப்ளீட் சிறையில் ஓரளவு வசதியாக வாழ்ந்து கெட்டவர்களும் இருந்தார்கள். வணிகர்கள், கட்டடக் கலைஞர்கள், பட்டம் பெற்ற பிரபுக் குடும்பத்தினர்கூட உண்டு. தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதக் பகுதியில் இருந்த மார்ஷல்சீயில் சின்னச் சின்னக் கடனுக்காக வந்த ஏழைகளே அதிகம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவது புரியும்.

கையில் காசில்லாத கைதிகளை வைத்துக்கொண்டு சிறை அதிகாரி எப்படி லாபம் பார்த்தார்?

சிறை நடத்துவது அப்போது ஒரு வியாபாரம். ஃப்ளீட் சிறையின் தலைவருக்கு வார்டன் என்று பெயர். அந்தப் பதவியை ஜான் ஹக்கின்ஸ் என்பவர் கிளாரண்டன் பிரபுவிடமிருந்து 5,000 பவுண்டுக்கு வாங்கினார், அதுவும் தன் ஆயுளுக்கும் மகனுடைய ஆயுளுக்கும் சேர்த்து. 1728 ஆகஸ்டில் அதே 5,000 பவுண்டுக்கு தாமஸ் பாம்பிரிட்ஜ், டூகல் கத்பர்ட் என்ற இருவருக்கு விற்றார். போட்ட முதலை எடுக்க ஒரே வழி கைதிகள்.

உள்ளே வந்தால் கட்டணம். அறைக்கு வாடகை. விலங்கைத் தளர்த்த ஒரு தொகை, வெளியே போக ஒரு தொகை. கடன் முழுவதும் தீர்ந்தவர்கூடச் சிறைக் கட்டண பாக்கிக்காக உள்ளேயே கிடக்க நேர்ந்தது. காசு கொடுக்கக்கூடியவர்கள் தங்க ஒரு பக்கம், இல்லாதவர்களுக்குப் பொதுப் பக்கம் என்று கட்டடமே இரண்டாகப் பிரிந்திருந்தது. பணம் கட்டினால் சிறைச் சுவருக்கு வெளியே, குறிப்பிட்ட எல்லைக்குள் வீடு எடுத்துத் தங்கவும் அனுமதி உண்டு. கைதானவரை முதலில் கொண்டுபோய் அடைக்கும் தனியார் விடுதிகளும் இருந்தன. கைப்பணத்தைக் கறப்பதற்கு என்றே நடத்தப்பட்ட இடங்கள் அவை.

மார்ஷல்சீயில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உரிய அதிகாரியிடமிருந்து சிறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் வில்லியம் ஆக்டன் என்ற கசாப்புக் கடைக்காரர். வருடத்துக்கு மொத்தம் 400 பவுண்டு குத்தகை கட்டவேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு. ஆக்டன் தனிப்பட்ட முறையில் எவ்வளவு கொடூரமானவர் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டினி கிடப்பவர்களிடமிருந்து வருடத்துக்கு 400 பவுண்டு பிழிந்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டில் நல்ல மனிதர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

1729க்கு முன்னால் யாரும் புகார் கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள். 1691லேயே மோசஸ் பிட் என்ற பதிப்பாளர், தானே ஃப்ளீட்டில் கடனாளியாகக் கிடந்தவர், நாடெங்கும் கடனாளிகள் படும் கொடுமையைத் திரட்டி நூலாக வெளியிட்டார். அதற்குப் பிறகும் கைதிகள் நீதிபதிகளுக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த மனுக்கள் என்ன ஆயின என்பதற்கு கேப்டன் ஜான் மக்ஃபெட்ரிஸின் கதையே போதும். நல்ல நிலையில் இருந்த வணிகர் இவர். 1720இல் சவுத் சீ கம்பெனியின் பங்குகள் சரிந்தபோது நொடித்துப்போனார். அந்த வருடம் திவாலான ஒருவருக்காகப் பெருந்தொகைக்கு ஜாமீன் நின்றதே அவரைக் கவிழ்த்தது. பாம்பிரிட்ஜ் கேட்ட கட்டணம் நியாயமில்லை என்று கொடுக்க மறுத்தார். அறையிலிருந்து துரத்தினார்கள். திறந்த முற்றத்தில் தானே ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டார். மழை நேரத்தில் அதையும் பிய்த்தெறிந்தார்கள். பிறகு நிலவறையில் தள்ளி, காலுக்குப் போதாத இறுக்கமான விலங்கை மாட்டினார்கள். வலி தாங்காமல் விலங்கு இறுக்குகிறது என்று முறையிட்டபோது, வதைப்பதற்காகத்தான் மாட்டியிருக்கிறோம் என்று பதில் வந்தது. கால்கள் புண்பட்டு முடமானார்.

இவருடைய புகார் நீதிபதிகளிடம் போயிற்று. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவருக்கு விலங்கு மாட்டுவதைச் சிறை அதிகாரி நியாயப்படுத்த முடியாது என்று அவர்கள் பாம்பிரிட்ஜைக் கண்டித்தார்கள். ஆனால் நீதிமன்ற விடுமுறைக் காலம் என்பதால் மனுதாரருக்கு நிவாரணம் எதுவும் தர இயலாது என்றும் சொல்லிவிட்டார்கள். 

மார்ஷல்சீயிலும் இதே கதைதான். ஏழைக் கைதிகளுக்கென்று பலர் எழுதிவைத்த தர்மப் பணம் அதிகாரிகளின் ஆட்கள் கைக்குப் போகிறது என்று மேத்யூ பியூ என்பவர் 1722இல் கண்டுபிடித்தார். கைதிகள் அவரையே பொறுப்பாளராக்கி, பணம் பெற்றதற்கு அத்தாட்சியாகத் தங்களுக்கென்று ஒரு முத்திரையும் செய்துகொண்டார்கள். மிகச் சரியான ஏற்பாடு. சிறை நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய், பியூ கலகக்காரர் என்று சொல்லி, அவரை உள்ளே விடாதபடி உத்தரவு வாங்கிவிட்டது.

அப்படியென்றால் நாடாளுமன்றம் திடீரென்று விழித்தது எப்படி?

ஒரு நண்பரின் சாவு. ராபர்ட் காஸ்டெல் கட்டடக் கலைஞர். பண்டைய ரோமானியர்களின் மாளிகைகளைப் பற்றி அவர் எழுதிய அழகான நூல் 1728இல் வெளிவந்தது. அதே வருடம் கடனாளியாக ஃப்ளீட்டுக்கு வந்தார். முதலில் கேட்ட பணத்தையெல்லாம் கொடுத்தார். கை வற்றியதும், கார்பெட் என்பவருடைய விடுதிக்கு அனுப்பப்போவதாக பாம்பிரிட்ஜ் மிரட்டினார். அங்கே அப்போது பெரியம்மை பரவிக்கொண்டிருந்தது. தனக்கு இதுவரை அம்மை போட்டதில்லை, அங்கே அனுப்பினால் செத்துப்போவேன் என்று காஸ்டெல் மன்றாடினார். பாம்பிரிட்ஜின் ஆட்களே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அனுப்பினார். அம்மை கண்டது. 1728 டிசம்பரில், மனைவியையும் குழந்தைகளையும் தவிக்கவிட்டு காஸ்டெல் இறந்தார்.

அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஓகல்தோர்ப், ஹேஸல்மியர் தொகுதியின் காமன்ஸ் சபை உறுப்பினர். 1729 பிப்ரவரி 25 அன்று சிறைகளின் நிலையை விசாரிக்க ஒரு குழு அமைக்கச் செய்து, தானே தலைவரானார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. காஸ்டெலுக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படிச் செத்திருந்தார்கள். அவர்களுக்குச் சபையில் நண்பர்கள் இல்லை.

சில ஆவணங்களில் 1728 என்றும் சிலவற்றில் 1729 என்றும் இருக்கிறதே?

அன்று இங்கிலாந்தில் அரசு ஆவணங்களின்படி வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் நாம் 1729 பிப்ரவரி என்று சொல்வதை அவர்கள் 1728 பிப்ரவரி என்று எழுதினார்கள். இரண்டும் ஒரே நாள்தான்.

குழு எப்படி விசாரித்தது?

அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சிறைக்கே போனது. இந்த விசாரணையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். மனுவில் “விலங்கு மாட்டினார்கள்” என்று எழுதினால் அதை மறுக்கலாம். பாரனெட் பட்டம் பெற்ற சர் வில்லியம் ரிச் விலங்கோடு நிற்பதைச் சபை உறுப்பினர்கள் கண்ணெதிரே பார்த்த பிறகு எப்படி மறுப்பது? கடனாளிக்கு விலங்கிடுவதே சட்டவிரோதம்.

அடைப்பு அறையையும் உள்ளே போய்ப் பார்த்து, அளவோடு பதிவு செய்தார்கள். ‘ஸ்ட்ராங் ரூம்’ என்று அதற்குப் பெயர். கல்லறை போன்ற நிலவறை. சிறையில் இறந்தவர்களின் உடலை மரண விசாரணை முடியும்வரை அங்கேதான் போட்டு வைப்பார்கள். கணப்பு கிடையாது. கதவுக்கு மேலிருந்தும், சுமார் எட்டு அங்குலச் சதுர ஓட்டை வழியாகவும் வருவதுதான் வெளிச்சம். தரை பாவவில்லை, சுவர் பூசவில்லை. சாக்கடைக்கு மேலே, சிறையின் குப்பையெல்லாம் கொட்டும் இடத்தை ஒட்டிக் கட்டியது.

ஜேக்கப் மெண்டெஸ் சோலாஸ் என்ற போர்த்துக்கீசியரை அங்கே கைகால் விலங்கோடு ஏறத்தாழ இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். நண்பர் ஒருவர் ஐந்து கினி (அன்றைய தங்க நாணயம்) கொடுத்த பிறகே வெளியே விட்டார்கள். குழுவின் முன்னால் அவர் சாட்சி சொல்ல வந்தபோது, பாம்பிரிட்ஜ் மறுபடியும் பதவிக்கு வரக்கூடும் என்ற பேச்சு காதில் விழுந்தது. அவ்வளவுதான், மயங்கி விழுந்தார். வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. அறிக்கையில் இதைப் படிக்கும்போது, கைதிகளின் புகார் ஏன் இத்தனை வருடம் வெளியே வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சிறைத் தலைவர்கள் எல்லாக் கைதிகளையும் இப்படித்தான் நடத்தினார்களா?

இல்லை. காசு இருந்தால் சிறைக் கதவு தாராளமாகத் திறந்தது. தன் காலத்தில் எத்தனை பேர் தப்பிப் போனார்கள் என்று கணக்கிடவே முடியாது, பட்டியலும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஹக்கின்ஸ் குழுவிடம் ஒப்புக்கொண்டார். தாமஸ் டுமே என்ற கைதி ஃப்ளீட்டில் இருப்பதாகப் பெயர், ஆனால் பலமுறை பிரான்சுக்குப் போய் ஒயின் வாங்கி வந்திருக்கிறார். அரசுக்கு 30,000 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய ஒரு கள்ளக் கடத்தல்காரர் பாம்பிரிட்ஜ் அமைத்த ரகசிய வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

மார்ஷல்சீயில் என்ன கண்டார்கள்?

பட்டினி. ஏழைகளின் பக்கத்தில் 330 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். ஜார்ஜ் வார்டு என்ற அறை 16 அடிக்கு 14 அடி, உயரம் சுமார் 8 அடி. இரவு பூட்டும்போது அதற்குள் 32 பேர், சில சமயம் 40 பேர். தரையில் அத்தனை பேருக்கு இடம் இல்லாததால் பாதிப் பேர் மேலே கட்டிய தூளிகளில் தொங்கினார்கள், மீதிப் பேர் அவர்களுக்குக் கீழே படுத்தார்கள். வெயில் காலத்தில் இரண்டு பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள்.

சிறையிலிருந்து சோறு கிடையாது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் வாரம் ஒருமுறை அனுப்பிய பட்டாணி, நீதிபதியும் அலுவலர்களும் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் தந்த சுமார் 30 பவுண்டு எடையுள்ள மாட்டிறைச்சி, அவ்வளவே. அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றரை அவுன்ஸ்.

ஒருவர் எப்படிச் சாகிறார் என்பதை அறிக்கை வரிசையாகச் சொல்கிறது. முதலில் நண்பர்களின் உதவி தீர்கிறது. அப்புறம் துணியும் படுக்கையும் விற்ற காசு தீர்கிறது. சில நாளில் உடம்பு தளர்ந்து காய்ச்சல் வருகிறது. நிற்க முடியாமல் போனதும், செவிலிக்குக் கொடுக்க மூன்று பென்ஸ் புரட்ட முடிந்தால் நோயாளிகள் அறைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே தரையில் ஒரு வரிசை, பலகையில் ஒரு வரிசை, தூளியில் ஒரு வரிசை. ஒன்றிரண்டு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து சாவார். சாவில்லாத நாளே அபூர்வம் என்றும், வசந்த காலம் நெருங்கினால் 24 மணி நேரத்தில் எட்டுப் பத்துப் பேர் போவார்கள் என்றும் குழு எழுதியது. அறிக்கை எழுதி முடியும்வரை காத்திராமல் உறுப்பினர்கள் உடனே உணவுக்கும் வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். சாவு சட்டென்று குறைந்தது. சோறு போட்டால் பிழைத்திருப்பார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சித்திரவதைக் கருவிகளும் அகப்பட்டன: கட்டைவிரல் திருகி, தலையை இறுக்கும் இரும்புத் தொப்பி, கழுத்து வளையம். தச்சர் தாமஸ் பிளிஸ் கயிறு கட்டிச் சுவரேறித் தப்பப் பார்த்துப் பிடிபட்டார். அடித்து, இந்த இரும்புகளை மாட்டி, அடைப்பு அறையில் போட்டார்கள். பிறகு செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இறந்தார்.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

பாம்பிரிட்ஜையும் ஹக்கின்ஸையும் அவர்களுடைய ஆட்களையும் லண்டனின் நியூகேட் சிறைக்கு அனுப்பிக் குற்றம் சாட்டும்படி காமன்ஸ் சபை தீர்மானித்தது. வழக்குகளும் நடந்தன.

காஸ்டெலைக் கொன்றதாக பாம்பிரிட்ஜ் மீது வழக்கு: விடுதலை. காஸ்டெலின் மனைவி தன் பெயரில் மறுபடியும் வழக்குத் தொடுத்தார், அன்றைய சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. 1730இல் அதிலும் விடுதலை.

மார்ஷல்சீயின் ஆக்டன் மீது நான்கு கொலை வழக்குகள், அவற்றில் பிளிஸின் சாவும் ஒன்று. 1729 ஆகஸ்டில் கிங்ஸ்டனில் விசாரணை. நான்கிலும் விடுதலை.

ஹக்கின்ஸின் வழக்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. அவர் வார்டனாக இருந்த 1725இல், எட்வர்ட் ஆர்ன் என்ற கைதியை உதவியாளர் ஜேம்ஸ் பார்ன்ஸ் அடைப்பு அறையில் பூட்டினார். ஆர்ன் குளிர் தாங்காமல் மெத்தையைக் கிழித்து இறகுகளுக்குள் புகுந்து கிடந்தார். சில வாரங்களில் இறந்தார். அதற்கு முன் ஹக்கின்ஸ் ஒருமுறை அங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார், கதவை பார்ன்ஸ் பூட்டினார் என்று ஜூரிகள் உறுதிசெய்தார்கள். ஆனால் இது கொலையாகுமா என்று சொல்லும் பொறுப்பை நீதிபதிகளிடம் விட்டுவிட்டார்கள். ஆகாது என்றார்கள் நீதிபதிகள். உதவியாளர் செய்த குற்றத்துக்கு, தானே உத்தரவிடாத, உடந்தையாக இல்லாத மேலதிகாரி குற்றவாளி ஆகமாட்டார். குற்றவியல் சட்டம் படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள்.

இத்தனை சாட்சி இருந்தும் ஏன் விடுதலை?

குழுவின் முன்னால் கைதியின் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. நீதிமன்றத்தில் அதே ஆள் கடன்பட்டவன், பழிவாங்கத் துடிப்பவன். அதோடு, கொலை என்றால் இந்தச் செயலால்தான் இந்தச் சாவு என்று காட்டவேண்டும். மார்ஷல்சீயில் எல்லோருக்கும் காய்ச்சல் இருந்தது. பிளிஸ் விலங்கு கழன்ற பிறகு நடமாடினார், காய்ச்சலில்தான் செத்தார் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது ஜூரிகள் அதை ஏற்றார்கள்.

கொலை வழக்குப் போட்டதே தவறான வழி என்பது என் கருத்து. மெள்ள மெள்ளப் பட்டினி போட்டுச் சாகடிக்கும் ஒரு ஏற்பாட்டை, ஒரு மனிதன் ஒரு நாளில் செய்த கொலையாக நிரூபிக்கப் பார்த்தார்கள். பதவி விற்பனை, குத்தகை, கட்டணம் என்று குழு தன் அறிக்கையில் தெளிவாகக் காட்டிய வேர் நீதிமன்றத்தில் பேசப்படவே இல்லை.

அப்படியானால் விசாரணையால் பயனே இல்லையா?

உண்டு. பாம்பிரிட்ஜை வார்டன் பதவியிலிருந்து நீக்க 1729இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அதே வருடம் கடனாளிகளுக்கு நிவாரணம் தரும் சட்டமும் வந்து, ஏராளமானவர்கள் வெளியே வந்தார்கள். கட்டணப் பட்டியல் வரையறுக்கப்பட்டது. ஆனால் கட்டணம் வாங்கும் முறை போகவில்லை. சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்துவந்து நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு, 1774இல்தான் வழக்கில் விடுதலையானவர்களைக் கட்டண பாக்கிக்காக அடைத்துவைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நாற்பத்தைந்து வருடம்!

அமெரிக்காவின் ஜார்ஜியா இந்தக் கடனாளிகளுக்காக உருவானது என்கிறார்களே?

பாதி உண்மை. சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் ஏழைகளுக்கும் புதுவாழ்வு தர ஒரு குடியேற்றம் வேண்டும் என்று ஓகல்தோர்ப்பும் குழுவில் இருந்த சிலரும் யோசித்தார்கள். 1732இல் அரசரின் சாசனம் கிடைத்தது, 1733இல் சவானா நகரம் தொடங்கியது. ஆனால் கப்பலேறியவர்களில் கடனாளிச் சிறையிலிருந்து வந்தவர்கள் வெகு சிலரே.

அந்த விசாரணையின் ஓவியம் இருக்கிறதா?

இருக்கிறது. வில்லியம் ஹோகார்த் வரைந்தது, லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் பார்க்கலாம். மேசையைச் சுற்றிக் குழு உறுப்பினர்கள், நடுவே கந்தல் உடுத்திய கைதி, எதிரே சிறைத் தலைவர். ஹோகார்த்தின் தந்தையும் ஃப்ளீட்டில் கடனாளியாக இருந்தவர். சிறுவயதில் அந்த வாழ்க்கையைக் கண்ட ஒருவர், சிறைத் தலைவர் பதில் சொல்லத் திணறும் இந்தக் காட்சியை வரைய நேர்ந்ததில் எனக்குத் தனி நிறைவு உண்டு.

லண்டன் போனால் இந்தச் சிறைகளைப் பார்க்க முடியுமா?

ஃப்ளீட்டை முடியாது. 1780 கலவரத்தில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, 1842இல் மூடி, 1846இல் இடித்துவிட்டார்கள். ஃபாரிங்டன் தெருவில் அது இருந்த இடம் மட்டும்தான். சதக்கில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் அருகே மார்ஷல்சீயின் சுவர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது 1811இல் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டிய சிறையின் சுவர். சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் அடைபட்டது அங்கேதான். ஓகல்தோர்ப்பின் குழு நுழைந்த பழைய மார்ஷல்சீ அதற்கு வடக்கே, பரோ ஹை ஸ்ட்ரீட்டிலேயே இருந்தது.